சிவப்பு மையில் நான்கு திருத்தங்கள்

சிவப்பு மையை நான் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இப்போதெல்லாம் சில பள்ளிகளில் பச்சை மையில் திருத்துகிறார்களாம். சிவப்பைப் பார்த்தால் பிள்ளைகளின் மனம் வாடுகிறதாம். சிங்கப்பூரில் முப்பத்தோரு ஆண்டு பாடம் நடத்தியவள் சொல்கிறேன், மனம் வாடி எந்தப் பிள்ளையும் கெட்டுப்போனதில்லை. தவறைத் தவறென்று யாரும் சொல்லாமல் விட்டால்தான் கெட்டுப்போகும்.

உங்கள் விசாரணை மேசையில் உள்ள அந்தத் தாளைக் காட்டி, சிவப்பு எழுத்து என்னுடையதா என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். என்னுடையதுதான். ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். மொழிபெயர்ப்பாளர் அண்ணாதுரை நான் சொன்னதை எழுதி வாசித்துக் காட்டினார். பண்பான மனிதர். ஆனால் நான் சொன்ன காரணங்களை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதியிருந்தார். காரணத்தை எடுத்துவிட்டால் எந்த மனிதரின் வாழ்க்கையும் குற்றப்பட்டியலாகத்தான் தெரியும். அதனால்தான் காகிதம் கேட்டேன். நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் மனோரஞ்சிதம் அம்பிகைபாகன். வயது அறுபத்து நான்கு. கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தேக்கா சந்தைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடியில், ஒன்பதாம் மாடியில் இருக்கிறேன். சனிக்கிழமை நான்கு மணிக்கு வீட்டில் தமிழ் வகுப்பு நடத்துவேன். இந்த ஆண்டு உயர்நிலை நான்கில் இரண்டே பிள்ளைகள். ஒருத்தி சுபாங்கி, சுவா சூ காங்கிலிருந்து ரயில் மாறி மாறி வருவாள். இன்னொருவன் ரிஸ்வான், ஆங் மோ கியோவிலிருந்து வருவான். அவனுக்குத் தமிழைவிட வாய் நன்றாக வரும்.

நான் முக்கியமாகச் சொல்லிக்கொடுப்பது கருத்துக் கட்டுரை. ஒரு கூற்றைக் கொடுத்து, ஏற்கிறாயா மறுக்கிறாயா என்று கேட்பார்கள். கருத்து யாருக்கும் இருக்கும். கோப்பிக் கடையில் ஒரு மேசைக்கு நான்கு கருத்து இருக்கும். அதைக் காரணத்தோடும் ஆதாரத்தோடும் நிற்க வைப்பதுதான் கட்டுரை. எத்தனை ஆண்டு சொன்னாலும் பிள்ளைகள் "இன்றைய நவீன உலகில்" என்றுதான் தொடங்குவார்கள். அடுத்த வரியில் "பலர் கூறுகின்றனர்" என்பார்கள். எந்தப் பலர்? எப்போது கூறினார்கள்? எனக்கு எரிச்சல் வருவது அந்த இடத்தில்தான். அடித்துத் திருத்தக் கூடத் தோன்றாது, பேனாவை வைத்துவிட்டு ஒரு நிமிடம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் ரிஸ்வானிடம் கேட்டேன், "இதுக்கு ஆதாரம் எங்க தம்பி?"

"டீச்சர், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்லா."

"எல்லாருக்கும் தெரிஞ்சா நீ ஏன் மினக்கெட்டு எழுதுறாய்?"

"நீங்க எழுதச் சொன்னீங்க, டீச்சர். அதுதான் என் ஆதாரம்."

சுபாங்கி சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் கடுமையானவள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் கடைசியில் அவர்களுக்கு ஒரு தலைப்புக் கொடுத்தேன். "வீட்டுப் பணிப்பெண்ணைக் குடும்பத்தில் ஒருவராக நடத்தினால் போதும், தனி விதிகள் தேவையில்லை. இக்கருத்தை நீ ஏற்கிறாயா?" அந்தத் தலைப்பை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டீர்கள். என் வீட்டை நினைத்துத்தான். ஆதாரத்துக்கு அவர்கள் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை என்று நினைத்தேன். செல்லக்கண்ணுவை நான் குடும்பத்தில் ஒருத்தியாகத்தான் வைத்திருந்தேன்.

அவளைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன்.

செல்லக்கண்ணு அறந்தாங்கிப் பக்கத்துப் பெண். வயது முப்பத்தேழு. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தபோது, மெல்பர்னில் இருக்கும் என் மகன் ஏற்பாடு செய்து அவள் வந்தாள். வேலையில் குறை சொல்ல முடியாது. அவரைத் திருப்பிப் போடுவாள், துடைப்பாள், முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்வாள். கஞ்சி கொடுப்பதற்கு முன் ஒரு சொட்டைத் தன் உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். "சூடு இல்லய்யா, நான் பாத்துட்டேன். வாயத் திறங்க." அவர் திறப்பார்.

ஒரு தடவை நான் கொடுத்த கஞ்சி சற்றுச் சூடாக இருந்துவிட்டது. உதடு லேசாகக் கொப்பளித்தது. அதற்குப் பிறகு நான் கரண்டியை எடுத்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். பேச்சு வராத மனிதர், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். முப்பத்தெட்டு ஆண்டு அவருக்குச் சமைத்தவள் நான். கடைசி ஏழு வாரமும் அவர் அவள் கையால்தான் சாப்பிட்டார். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் போன நாளில், கடைசி வாய்த் தண்ணீரைக்கூட அவள்தான் விட்டாள். நான் அப்போது குளியலறையில் இருந்தேன்.

பொறாமையா என்று உங்கள் இளம் அதிகாரி கேட்டார். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அவருடைய முதல் ஆண்டுத் திவசம் சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் வந்தது. படையல் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன். இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைப்போம். வைப்பதற்கு முன் யாரும் அதை ருசி பார்க்கக்கூடாது. உப்புக்கூடக் கைக்கணக்குத்தான். ருசி பார்த்தால் எச்சில். எச்சிலை வைத்துக் கூப்பிட்டால் அவர் வரமாட்டார்.

அன்று நான் குளித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தபோது, செல்லக்கண்ணு பாயசத்தில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்றாய்?"

"ஐயாவுக்குச் சூடு பாக்குறேன், டீச்சரம்மா."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அழுதாள். பழக்கத்தில் செய்துவிட்டேன் என்றாள். ஒன்பது வகையையும் குப்பைக் குழாயில் கொட்டிவிட்டு, நானே மறுபடி சமைத்து மாலை நான்கு மணிக்குப் படைத்தேன். காக்கைக்கு வைத்த சோற்றை ஒரு காக்கையும் தொடவில்லை. ஒன்பதாம் மாடிச் சன்னலுக்குக் காக்கை வருவது அபூர்வம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று வரவில்லை.

பாவத்துக்குப் பரிகாரம் உண்டு. வரும் வெள்ளிக்கிழமை ஒரு வேளை விரதம் இரு என்றேன். அவள் உடனே சரி என்றாள். கட்டாயப்படுத்தவில்லை. நானும் அவளோடு இருந்தேன். அன்று மாலை விளக்கின் முன் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, அவள் முகத்தில் ஓர் அடக்கம் தெரிந்தது. நல்ல பழக்கம் ஒன்று ஒரு வீட்டுக்குள் வந்தால் அதை ஏன் ஒரு நாளோடு அனுப்பிவிட வேண்டும்?

அப்படித்தான் திங்கள் சேர்ந்தது, அது சிவனுக்கு. செவ்வாய் முருகனுக்கு. பிறகு குருவுக்கு வியாழன், பெருமாளுக்குச் சனி. ஞாயிறு சூரியனுக்குரியது, அதை மட்டும் விடுவானேன் என்று அதையும் சேர்த்தேன். வாரத்தில் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் ஒரு தெய்வம் இருக்கிறது, அது என் குற்றம் அல்ல. புதன்கிழமையை அவளுக்கென்று விட்டுவைத்தேன். அன்று சோறு, குழம்பு, ஒரு காய். நானே பரிமாறுவேன்.

விரத நாளில் மாலை விளக்கேற்றிய பிறகு அவளுக்கு ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் உண்டு. நானும் அதே நேரத்தில்தான் விரதம் முடிப்பேன். எனக்கு நீரிழிவு, மாத்திரை போடுகிறவள். அதனால் நான்கு இட்லி சாப்பிட வேண்டியிருந்தது. அவளுக்கு ஒரு நோயும் இல்லை.

ஞாயிறு காலையில் குளியலறை எடைக்கருவியில் அவளை நிற்கச் சொல்வேன். அந்த எண்ணை நாட்காட்டியில் குறிப்பேன். நாட்காட்டி உங்களிடம் இருக்கிறது. இதை நீங்கள் கொடுமை என்று எழுதியிருக்கிறீர்கள். சற்று யோசித்துப் பாருங்கள். விரதம் இருக்கிறவளின் எடை கூடினால் என்ன பொருள்? எங்கிருந்தோ எடுத்துச் சாப்பிடுகிறாள், சாமியிடம் பொய் சொல்கிறாள் என்று பொருள். அவளைப் பொய்யிலிருந்து காப்பாற்றவே அந்தக் கருவி.

மனிதர்கள்தான் கெடுத்தார்கள். சந்தையில் பழக்கடை வைத்திருக்கும் சாதியா என்பவள், செல்லக்கண்ணுவைப் பார்க்கும்போதெல்லாம் கையில் இரண்டு பழத்தைத் திணிப்பாள். ஒருநாள் என்னிடமே கேட்டாள்.

"டீச்சர், உங்க வீட்டு ஆளு முகமே சரியில்லையே. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"அவ விரதம் இருக்கிறா."

"நாங்களும்தான் நோன்பு வைக்கிறோம், டீச்சர். பொழுது சாஞ்சா வயிறு நெறயச் சாப்பிடுவோம்ல?"

எல்லார் முன்னாலும் சொன்னாள். அன்றிலிருந்து சந்தைக்கு நானே போனேன். கோயிலுக்கு அவளை அழைத்துப் போவேன், அங்கே அன்னதானத்தில் பரிமாறுகிறவர் இவள் இலையைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே இரண்டாம் முறை போட்டார். அவளும் தலை நிமிராமல் சாப்பிட்டாள். பக்தி வேறு, பந்தி வேறு. கோயிலையும் நிறுத்தினேன். அவளுடைய கைத்தொலைபேசியை வாங்கி வைத்தேன், அவள் மகள் பத்தாம் வகுப்பு, அம்மா அடிக்கடி பேசினால் படிப்புக் கெடும். இரும்புக் கதவின் சாவி என் இடுப்பில் இருந்தது. வயதான பெண் தனியாக இருக்கும் வீடு, யாரும் பூட்டத்தான் பூட்டுவார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணிப்பெண்ணை மருத்துவரிடம் காட்டி எடை பார்க்க வேண்டும். மே மாதம் அழைத்துப் போனேன். அதற்கு முந்திய ஒரு வாரம் முழுவதும் அவளுக்கு மூன்று வேளையும் சோறு போட்டேன். அதை நீங்கள் யாரும் குறித்துக்கொள்ளவில்லை. மருத்துவர் ஏன் இவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று கேட்டார். விரதம் என்றேன். அவர் அவளைப் பார்த்தார். அவளும் "ஆமாங்க, வெரதம்" என்றாள். என் வார்த்தைக்கு அது இரண்டாவது சாட்சி.

சுபாங்கி முதலில் எழுதி வந்த கட்டுரை எனக்குப் பெரிய ஏமாற்றம். "பல வீடுகளில் பணிப்பெண்கள் துன்பப்படுகின்றனர்" என்று தொடங்கியிருந்தாள். ஓரத்தில் எழுதினேன்: எந்த வீட்டில்? யார் பார்த்தது? எத்தனை நாளாக? அவளிடம் தாளைக் கொடுக்கும்போது, "கண்ணால பாத்ததை எழுது, பிள்ளை. கேள்விப்பட்டதை எழுதாதே" என்றேன்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணால பாத்ததையா, டீச்சர்?"

"அதுதான் ஆதாரம்."

"அது யாருக்காவது கஷ்டமா இருந்தா?"

"உண்மை யாருக்குக் கஷ்டமா இருந்தாலும் எழுதத்தான் வேணும்."

அன்று ரிஸ்வான் அவளுடைய பென்சில் பெட்டியைத் திறந்துவிட்டு, "ஏய், உள்ள கறிபஃப் வச்சிருக்கே? கடை போடப் போறியா?" என்றான். அவள் பிடுங்கி மூடினாள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வரச் சற்று நேரமானது. "அக்கா, சீக்கிரம்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. மறுநாள் காலை எடைக்கருவி இருநூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. நான் சத்தம் போடவில்லை. அன்றைய பாலையும் அடுத்த நாள் பாலையும் மட்டும் நிறுத்தினேன்.

அடுத்த சனிக்கிழமை சுபாங்கி திருத்தி எழுதிய கட்டுரையைக் கொடுத்தாள். அதுதான் உங்களிடம் இருப்பது. அதை நான் புதன்கிழமை பிற்பகல் உட்கார்ந்து திருத்தினேன். செல்லக்கண்ணு சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குச் சோற்று நாள், அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

தொடக்கம் நன்றாக இருந்தது. "இன்றைய நவீன உலகில்" இல்லை. கூற்றை மறுத்திருந்தாள். குடும்பத்தில் ஒருவர் என்று வாயால் சொல்வது எளிது, அதை வெளியிலிருந்து பார்க்க யாராவது வேண்டும், அதற்குத்தான் விதி என்று எழுதியிருந்தாள். அடுத்த பத்தியில் இது இருந்தது:

"எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் உள்ள அக்கா ஆறு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவருக்கு விரதம். அவருடைய எடை நாற்பது கிலோ இருக்கலாம். அவர் எப்போது கடைசியாக வெளியே போனார் என்று தெரியவில்லை. ஒருநாள் நான் கொடுத்த கறிபஃப்பை அவர் இரண்டாகப் பிட்டு, பாதியை என்னிடமே நீட்டினார்."

இரண்டாம் வரியிலேயே எந்த வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கோபப்படவில்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும். எனக்கு வந்தது கோபமல்ல, ஆயாசம். இத்தனை நாள் சொல்லியும் "இரண்டு மூன்று", "இருக்கலாம்", "தெரியவில்லை". நல்ல கருத்து, நல்ல நடை, நடுவில் ஆதாரம் மட்டும் கொழகொழவென்று. தவறான எண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என் கைக்குத் தெரியாது. முப்பத்தோரு ஆண்டுப் பழக்கம். செல்லக்கண்ணுவுக்குச் சூடு பார்க்கும் பழக்கம் இருந்ததைப் போல.

"ஆறு" என்பதை அடித்து "பதினான்கு" என்று எழுதினேன். "இரண்டு மூன்று" என்பதை அடித்து "ஆறு". "நாற்பது கிலோ இருக்கலாம்" என்பதற்குக் கீழே கோடிட்டு, ஓரத்தில், "'இருக்கலாம்' கூடாது. 31." வெளியே போன நாளுக்கு நேராக, "மே 7." அவ்வளவுதான். நான்கு திருத்தங்கள். அவற்றில் ஒன்றுகூடத் தவறில்லை. உங்கள் மருத்துவமனை அறிக்கை முப்பது என்கிறது, என்னுடையது ஞாயிற்றுக்கிழமை எடை, அது ஆறு நாளுக்குப் பிந்தியது.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரம் வைத்து எழுதும் பயிற்சி தொடங்கினேன். அந்த நாற்பத்தைந்து நிமிடம் யாரும் எழுந்திருக்கக்கூடாது, தேர்வு அறையில் இருப்பதுபோல இருக்க வேண்டும் என்பது என் வகுப்பில் விதி. சுபாங்கி புதிய தாளை எடுக்கவில்லை. பழைய தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இந்த முப்பத்தொண்ணு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுது. நேரம் போகுது."

"நான் வீட்டுப் பேரே போடலியே, டீச்சர்."

ரிஸ்வான் தலையை நிமிர்த்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு அப்போது நகைச்சுவை எதுவும் வரவில்லை. அந்த நேரத்தில் சமையலறையில் பாத்திரம் ஒன்று உருண்டது. பிறகு கனமாக ஏதோ விழுந்தது. கனமாக என்று எழுதுகிறேன், உண்மையில் பெரிய சத்தமில்லை. அரிசிப் பை சாய்ந்ததைப் போல.

"அக்கா," என்றாள் சுபாங்கி.

"ஒண்டுமில்லை. உட்கார்."

உட்கார்ந்தாள். பதினாறு வயதுப் பிள்ளை, பெரியவர் சொன்னால் கேட்கும் பிள்ளை. நாற்பது நிமிடம் அவர்களை உட்கார வைத்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. என் மேசையில் கடிகாரம் இருந்தது. பதினேழு நிமிடம். அந்தப் பதினேழு நிமிடமும் நான் ரிஸ்வான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முதல் முறையாக ஒரு நாளிதழ்ச் செய்தியைத் தேதியோடு எடுத்துக்காட்டியிருந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு சுபாங்கி எழுந்தாள். விதியை மீறுகிறோம் என்று தெரிந்தே எழுந்தாள், நாற்காலியைக்கூட மெதுவாகத்தான் தள்ளினாள். நான் போய்ப் பார்த்தபோது தரையில் உட்கார்ந்து செல்லக்கண்ணுவின் தலையை மடியில் வைத்திருந்தாள். தன் புட்டியிலிருந்த தண்ணீரில் விரலை நனைத்து அவள் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் தொலைபேசியில் ஆம்புலன்சை அழைத்தாள்.

"வேண்டாம் பிள்ளை. மோர் குடுத்தாச் சரியாப் போகும்," என்றேன்.

அவள் தொலைபேசியில் முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரிஸ்வான் வாசலில் நின்று, "டீச்சர், கேட் சாவி குடுங்க" என்றான். "டீச்சர், ப்ளீஸ்." அவன் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கேட்டவுடன் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செல்லக்கண்ணு கண்ணைத் திறந்தது தூக்குப்படுக்கையில் ஏற்றும்போதுதான். என்னைப் பார்த்தாள். "அடுப்ப அணைச்சிட்டேம்மா," என்றாள். நான் போய்ப் பார்த்தேன். அணைத்திருந்தாள்.

அவள் பிழைத்துவிடுவாள் என்று நேற்று சொன்னீர்கள். சாதியா தினமும் மருத்துவமனைக்குப் போகிறாளாம், சுபாங்கியின் அம்மா ரசம் கொண்டுபோகிறாராம், மகளோடு தொலைபேசியில் பேச வைத்தார்களாம். சந்தோஷம். இரண்டு பழமும் அரைக் கறிபஃப்பும் ஒரு விரல் தண்ணீரும் இவ்வளவு தூரம் வரும் என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றை நான் பலவீனமான ஆதாரங்கள் என்றே வைத்திருந்தேன்.

ஏன் செய்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் காரணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டேன். படையல் எச்சிலானது, பரிகாரம், பழக்கம், ஒழுக்கம். எழுதி முடித்துப் படித்துப் பார்க்கிறேன். ஒரு மாணவி இதை எழுதிக் கொடுத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன். எனக்கே ஆயாசமாக இருக்கிறது. ஆனால் எதிர்க்கருத்துக்கும் இடம் கொடுக்காமல் கட்டுரையை முடிக்கக்கூடாது. அதனால் உங்கள் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான்கு திருத்தங்களையும் பார்த்தீர்கள், கட்டுரையின் கடைசி வரியை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

சுபாங்கி அதை இப்படி முடித்திருந்தாள்: "அந்த வீட்டு அம்மா கெட்டவர் இல்லை. அவருக்கு இது தெரியாது. தெரிந்தால் அந்த அக்காவுக்கு இன்றைக்கே சோறு போடுவார்."

யார் படிக்கப்போகிறார் என்று தெரிந்தேதான் அதை எழுதியிருக்கிறாள். எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று காத்திருந்திருக்கிறாள்.

அந்த வரிக்கு எந்த ஆதாரமும் கிடையாது. கட்டுரையிலேயே ஆதாரம் இல்லாத வரி அது ஒன்றுதான். பதினான்கு மாதம், ஆறு நாள், முப்பத்தொன்று, மே ஏழு என்று சற்று முன் என் கையாலேயே எழுதியிருந்தேன். தெரியாதவள் எழுதக்கூடிய எண்களா அவை? வேறு எந்தப் பிள்ளை எழுதியிருந்தாலும் அடித்திருப்பேன். அந்த வரியை நான் அடிக்கவில்லை. கோடு போடவில்லை. பக்கத்தில் ஒரு சரி போட்டு, "நன்று" என்று எழுதினேன்.

பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய், உலையை இறக்கச் சொல்லி, புதன்கிழமைச் சோற்றையும் நிறுத்தினேன்.